மெத்தனால் மின்கலமும் கலப்புச் சவ்வும்

மரச்சாராயம் என வழங்கும் மெத்தனாலைத் தீயிலிட்டு எரிக்காமலே மின்சாரமாக மாற்றும் கலங்களைக் குறித்துச் சென்ற முப்பது ஆண்டுகளாக வெளிவந்துள்ள ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகப் பல. அவற்றுட் பல கலத்தின் நடுவேயுள்ள சவ்வைப் பற்றியன. எமது புதிய சவ்வில் மெத்தனாற் கசிவு பாதியாயிற்று என்னும் பொருள்பட முடியும் கட்டுரைகளை நம் கலாசாலை இரசாயன மாணவர் எளிதிற் காணலாம். அம்முடிவைக் கண்ட அளவிலே கைகொட்டுதல் தகாது என்பதே யாம் ஈண்டுக் கூற விரும்புவது.

கலத்தின் அமைப்பை முதலில் நோக்குவோம். ஒருபுறம் நீரிற் கலந்த மெத்தனால், மறுபுறம் காற்று, இடையே சவ்வு. முதற்புறத்தில் ஒரு மெத்தனால் மூலக்கூறும் ஒரு நீர் மூலக்கூறும் கூடிக் கரியமிலவாயுவாகி, 6 எலெக்டிரான்களையும் 6 புரோட்டான்களையும் விடுக்கின்றன. எலெக்டிரான்கள் வெளிக் கம்பி வழியே சென்று நமக்கு வேலை செய்கின்றன. புரோட்டான்கள் சவ்வின் வழியே சென்று, மறுபுறத்தில் பிராணவாயுவோடு கூடி நீராகின்றன. 1839-ஆம் ஆண்டில் வில்லியம் குரோவ் என்பார் அமைத்த வாயுக் கலத்தின் வழித்தோன்றலே இது. 1960-களில் டூபாண்ட் கம்பெனியில் வால்தர் குரோட் என்பார் கண்ட நேபியான் என்னும் பாலிமர் இன்றும் இத்துறைச் சவ்வுகட்கு உரைகல்லாக விளங்குகிறது.

நேபியானின் உடல் நீரை வெறுப்பது. அதிற் கிளைத்த சல்போனிக் அமிலத் தொகுதிகளோ நீரை விரும்புவன. ஆகவே நனைந்த சவ்வினுள்ளே நுண்ணிய நீர்வழிகள் தாமே அமைகின்றன. புரோட்டான் செல்வது அவ்வழிகளில். மெத்தனாலோ நீருக்கு நெருங்கிய உறவு. நீர் நுழையும் வாயிலில் அதனைத் தடுப்பார் இல்லை. அங்ஙனம் கடந்த மெத்தனால் மறுபுறத்துப் பிளாட்டினத்தின்மீது வீணே எரிந்து தானும் அழிந்து, கலத்தின் வோல்ட்டையும் தாழ்த்துகிறது. செறிந்த மெத்தனாலை நேரே ஊட்டவொண்ணாமல், பெரும்பாலும் நீராகவே உள்ள கரைசலைக் கலத்திற்கு ஊட்ட நேர்வதும் இக்கசிவாலேயே.

இதனைத் தடுக்கவே சிலிக்கா, சியோலைட்டு, மாண்ட்மொரிலோனைட்டு என்னும் களிமண், சிர்க்கோனியம் பாஸ்பேட்டு முதலியவற்றின் நுண்துகள்களைச் சவ்விற் கலக்கின்றனர். சுவர் எழுப்புவோர் மண்ணோடு வைக்கோலைப் பிசைவதை ஒத்த தொழில். துகள்கள் வழியை மறிப்பதால் மெத்தனால் சுற்றிச் செல்ல நேரிடுகிறது. நன்று. ஆனால் புரோட்டானும் அவ்வழியே செல்ல வேண்டுவதன்றோ?

இனி ஒரு சிறு கணக்கு. சவ்வின் கனத்தை இரட்டித்தால் பரவிக் கசியும் மெத்தனால் பாதியாகும். புரோட்டானுக்குள்ள தடை இருமடங்காகும். இதற்குப் புதுச் சவ்வே வேண்டுவதில்லை. நேபியான் அங்குலத்தின் ஆயிரத்தில் 2, 5, 7 பங்கு கனங்களில் முறையே 212, 115, 117 என்னும் எண்களோடு விற்கப்பெறுகிறது. கசிவைப் பாதியாக்கிக் கடத்துதிறனையும் பாதியாக்கிய கலப்புச் சவ்வு, கனத்த நேபியான் செய்வதற்குமேல் யாது செய்தது? ஒன்றுமில்லை. ஆதலின் கடத்துதிறனை மெத்தனாலின் ஊடுருவுதிறனால் வகுத்து வரும் ஈவையே நாம் முதலிற் கேட்டல் வேண்டும். அவ்வீவு கனத்தால் மாறாதது. நேபியானின் ஈவினும் அது உயர்ந்தாலன்றிக் கலப்பினால் ஊதியம் இல்லை. உயர்ந்த ஈவும் மிகத் தாழ்ந்த கடத்துதிறனும் உடைய சவ்வை மிக மெல்லியதாக்கியே ஆளவேண்டும். மெல்லிய சவ்வு கிழியும். இதனையும் மறத்தலாகாது.

அவ்வீவும் முழுச் செய்தியைச் சொல்லிவிடுவதில்லை. ஊடுருவுதிறனைப் பெரும்பாலும் மின்னோட்டமின்றி, இரு கண்ணாடி அறைகளுக்கிடையே சவ்வைப் பொருத்தியே அளக்கின்றனர். மின்னோட்டம் நிகழுங்காலோ புரோட்டான் தனியே செல்லாது. நீரையும் இழுத்துச் செல்லும். நீரில் ஊறிய நேபியானில், 30 டிகிரி சென்டிகிரேடில், ஒரு புரோட்டானுடன் ஏறத்தாழ 2.5 நீர் மூலக்கூறுகள் செல்லுகின்றன. 6 புரோட்டான்களுக்கு 15. ஒரு மெத்தனால் மூலக்கூறு மாறுதற்கு வேண்டிய நீர் மூலக்கூறு ஒன்றேயாக, 15 மறுபுறம் சென்று, அங்கு விளையும் 3-உடன் சேர்ந்து 18 ஆகிக் காற்று நுழையும் துளைகளை அடைக்கின்றது. லிட்டருக்கு 32 கிராம் மெத்தனால் உள்ள கரைசலில் ஒரு மெத்தனால் மூலக்கூற்றுக்கு ஏறக்குறைய 53 நீர் மூலக்கூறுகள் உண்டு. அக்கரைசல் செறிவு குன்றாமற் சவ்வை எட்டி, நீரின் விகிதத்திலேயே மெத்தனாலும் இழுபடுமாயின், பயன்படும் 4 மூலக்கூறுகட்கு ஒன்றுக்குச் சற்று மேலாகவே வீணிற் கடக்கும். பரவுதலால் நேரும் கசிவு இதற்குப் புறம்பு. கண்ணாடி அறைச் சோதனை இதனை எங்ஙனம் காட்டும்?

வழியை மறிப்பதினும் வழியின் வடிவை மாற்றுவது நன்றெனத் தோன்றுகிறது. சல்போனேற்றிய பாலி ஈதர் ஈதர் கீட்டோன் என்னும் பாலிமரில் நீர்வழிகள் நேபியானில் உள்ளவற்றினும் குறுகியன, கிளைகள் மிக்கன, முட்டுச்சந்துகள் பலவுடையன என்பதை 2001-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கிரோயர் விளக்கினார். அதனால் அதில் நீர் இழுபடுதலும் குறைவு.

1948-ஆம் ஆண்டில் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தாரும் மெத்தனால் கலத்திற்குரிய கலப்புச் சவ்வுகளை ஆராய்ந்துள்ளனர். நம் மாணவருட் சிலர் இத்துறையிற் புகுவாராயின், சவ்வின் கனம், கடத்துதிறன், ஊடுருவுதிறன் ஆகிய மூன்றையும் ஒரே சவ்வில், ஒரே வெப்பநிலையில் அளந்து ஒரே அட்டவணையில் தருவாராக. நான்காவதாக, மின்னோட்டம் நிகழும்போது மறுபுறத்துக் காற்றோடு வெளிவரும் நீரைக் குளிர்ந்த குடுவையிற் பிடித்து நிறுத்துப் பார்த்தல் வேண்டும். அதற்குக் கலாசாலைத் தராசே போதும்.