முதலில் பைல், பிறகு புரோகிராம்

ஒரு புரோகிராம், இன்டர்நெட் வழியே இன்னொரு புரோகிராமிடம் தகவல் கேட்டுப் பெறுவதுதான் வெப் சர்வீஸ். இன்றைய டாலர் மதிப்பைக் கேட்டு வாங்குவதை உதாரணமாகச் சொல்லலாம். என்ன கேட்கலாம், பதில் எப்படி வரும் என்பதை எழுதி வைக்கும் எக்ஸ்எம்எல் பைலுக்கு டபிள்யூஎஸ்டிஎல் என்று பெயர். 2001-ல் ஐபிஎம், மைக்ரோசாப்ட், அரிபா நிறுவனங்கள் இதனை டபிள்யூ3சி அமைப்பிடம் அளித்தன.

புதிதாகப் பழகுபவர்கள் ஜாவா புரோகிராமை எழுதிவிட்டு, அதிலிருந்து இந்த பைலை உருவாக்குகிறார்கள். சுலபம்தான். ஆனால் நாளை ஒரு பங்ஷனின் பெயரை மாற்றினால் பைலும் மாறிவிடும். உங்கள் சர்வீஸை நம்பியிருப்பவரின் புரோகிராம் காரணம் தெரியாமல் நின்றுபோகும். சட்டையைத் தைத்துவிட்டு அளவெடுக்கலாமா?

பைலை முதலில் முடிவு செய்யுங்கள் என்பதே என் கருத்து. தயாரான பைல் கையில் இருந்தால் இன்னும் நல்லது. அப்பாச்சி சிஎக்ஸ்எப் தொகுப்பில் உள்ள டபிள்யூஎஸ்டிஎல்2ஜாவா என்ற டூலிடம் அதைக் கொடுங்கள். தேவையான ஜாவா இன்டர்பேஸை அதுவே எழுதித் தரும். (பழைய புத்தகங்கள் சொல்லும் டபிள்யூஎஸ்இம்போர்ட்டைத் தேடாதீர்கள். 2018-ல் வந்த ஜாவா 11-லேயே அதை நீக்கிவிட்டார்கள்.) உங்கள் வேலையைத் தனி கிளாஸில் எழுதுங்கள். டூல் எழுதிய பைலில் மட்டும் கை வைக்காதீர்கள். மறுமுறை டூலை இயக்கினால் நீங்கள் எழுதியது அழிந்துவிடும். என்னுடைய இரண்டு நாள் உழைப்பு அப்படித்தான் போனது.