தண்ணி கீழாலையும் வரும்

ஏப்ரல் பிறந்தால் கனடாவின் றொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் ஆட்களுக்குக் கதை இரண்டு: வருசப் பிறப்புக்கு எந்தக் கோயில், இந்த முறை வீட்டு விலை ஏறுமா இறங்குமா. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. அதைப் பேஸ்மென்ட்டுக்குள் தண்ணீர் கண்டவர்கள் மட்டும், அதுவும் குரலைத் தாழ்த்தித்தான் கதைப்பார்கள். நாளைக்கு வீட்டை விற்க வேண்டி வந்தால், வாங்க வருகிறவரின் காதில் அது விழுந்திருக்கக் கூடாதல்லவா.

யாழ்ப்பாணத்தில் அத்திவாரத்தை உயர்த்தி வீடு கட்டினோம். பெய்கிற மழையில் ஒரு பங்கைச் சுண்ணாம்புக்கல் நிலம் உறிஞ்சிவிடும். மிஞ்சினால் படிவரை வரும். நிலத்துக்குக் கீழே கிணறு இருந்தது, மனிதர் இருக்கவில்லை. இங்கே வீட்டின் ஒரு தட்டே நிலத்துக்குக் கீழேதான். அதில் வாடகைக்கு ஒரு குடும்பம், அல்லது படிக்க வந்த நாலு பிள்ளைகள், அல்லது ஊரிலிருந்து கூப்பிட்ட அம்மா அப்பா. ஆனால் தண்ணீர் என்றவுடன் கூரையையும் வாசலையும் பார்க்கிற பழக்கத்தை மட்டும் நாங்கள் விடவில்லை.

ஆற்று வெள்ளம் வேறு சங்கதி. 2019 ஏப்ரல் 27 இரவு, கியூபெக்கில் மொன்றியலுக்கு அருகே செந்த் மார்த் சூர் லு லாக் என்ற ஊரில் மண் அணை உடைந்து 6,000 பேருக்கு மேல் வீட்டை விட்டு ஓடவேண்டி வந்தது. அப்படியான இரவில் கூரைத் தண்ணீரை ஏந்தும் பீலி துப்பரவாக இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. ஆற்றோரம் வீடு கட்டக் கூடாது என்ற பாடத்தை ஒன்ராறியோ 1954 ஒக்ரோபரில் ஹேசல் சூறாவளியில் 81 உயிரைக் கொடுத்துப் படித்தது. ஹம்பர் ஆற்றங்கரையில் றேமோர் டிரைவ் என்ற ஒரே தெருவில் 35 பேர் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் வீடு கட்டுவதைத் தடுத்து, நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக விட்டார்கள். கோடையில் எங்கள் ஊர்ச்சங்கங்கள் ஒன்றுகூடல் வைத்துக் கோழி வாட்டுகிற புல்வெளிகள் சிலவும், ஆறு பெருகினால் பரவட்டும் என்று விட்ட இடங்கள்தான்.

அதனால் இங்கே எங்கள் வீட்டுக்குள் ஆறு வருவது அரிது. வருவது எங்கள் சொந்தக் கூரைத் தண்ணீரும் சொந்த வளவுத் தண்ணீரும். சிலவேளை தெரு முழுவதற்கும் பொதுவான கழிவும் வரும்.

பனி உருகும் காலத்தின் சிக்கல் இதுதான்: மேலே வெயில் எறிக்கும், கீழே மண் இன்னும் உறைந்து கிடக்கும். மாதக்கணக்காய்க் குவிந்த பனி சில நாட்களில் கரையும். அதோடு மழையும் சேர்ந்தால் நிலம் குடிக்காது, தெருவோர வடிகாலின் வாயையும் பனிக்கட்டி அடைத்திருக்கும். வீட்டுச் சூட்டில் முதலில் இளகுவது சுவரோர மண். அதுவோ, வீடு கட்டத் தோண்டிவிட்டுத் திருப்பி நிரப்பிய மண். பழைய இறுக்கம் அதற்கு வராது, காலப்போக்கில் தாழும். சுற்றியிருக்கிற தண்ணீரெல்லாம் தேடிப் போவது அந்தப் பள்ளத்தைத்தான்.

ஸ்காபரோவின் மல்வேர்னில் இருக்கும் நண்பர் ஒருவர் போன வசந்தத்தில் கூப்பிட்டார். பேஸ்மென்ட்டில் கிழக்குச் சுவர் அடியில் வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது. விரலால் தட்டினால் மாவாய் உதிர்ந்தது. சுவரோரக் கார்ப்பெட் ஈரம், அறை முழுக்க நனைந்த சாக்கு மணம். ஏற்கெனவே ஒரு நிறுவனத்து விற்பனையாளர் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

“அண்ணை, அவன் வீட்டைச் சுத்தி முழுக்கத் தோண்ட வேணுமெண்டு சொல்லுறான். 15,000 டொலருக்கு மேலை வருமாம்.”

“அவசரப்படாதையும். மழை வரட்டும், வாறன்.”

மழை வந்தது, குடையோடு போனேன். வீட்டின் தண்ணீர் நோயைப் பார்க்க மழை நேரம்தான் நல்லது; வெயிலில் எந்த வீடும் சுகதேகி. சுற்றி நடந்தோம். பீலிக்குள் மேப்பிள் சருகும் விதையும் மக்கி, தண்ணீர் குழாய்க்குப் போகாமல் விளிம்பால் வழிந்து சுவரில் விழுந்துகொண்டிருந்தது. மூலையில் இறங்கும் குழாயின் அடி முழங்கை எப்போதோ கழன்றுபோய், வருகிற தண்ணீர் நேரே சுவரடியில் ஒரு குழி பறித்திருந்தது. பக்கத்து நடைபாதைக் கற்கள் வீட்டுப் பக்கமே சரிந்திருந்தன. பேஸ்மென்ட் யன்னலுக்கு வெளியே தகரம் அடித்த தொட்டியில் சருகு அரைவாசி. போதாததற்கு, நாலு கார் நிற்கவேண்டும் என்று முன்வளவு முழுக்கக் கல் பதித்திருந்தார். மாரி முழுதும் அங்கே அள்ளிய பனியைக் கொட்டிய இடமும் அதே கிழக்குச் சுவர்.

கணக்கு ஒன்று சொன்னேன். 100 சதுர மீற்றர் கூரையில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,500 லீற்றர். நாலு மூலைக்கும் பிரித்தாலும் ஒரு குழாயால் 600 லீற்றருக்கு மேல் இறங்கும். அவ்வளவையும் சுவரடியில் ஊற்றிவிட்டு, உள்ளே என்ன பூச்சுப் பூசினாலும் காசுக்குத்தான் கேடு.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நின்று வேலை செய்தார். பீலியை வழித்தார். முழங்கையை மாட்டிச் சுவரிலிருந்து இரண்டு மீற்றர் தள்ளித் தண்ணீர் விழும்படி குழாயை நீட்டினார். சுவரோரம் களிமண் போட்டு இறுக்கி வெளிப்பக்கம் சரிவு வைத்தார். அழகுக்காகச் சிலர் போடுகிற சரளையும் மரச்சீவலும் தண்ணீரை மறைக்கும், தடுக்காது. நடைபாதைக் கல்லைக் கிளப்பித் திருப்பிப் பதித்தார். யன்னல் தொட்டிக்கு ஒரு மூடி. கோடை முடிவதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. எல்லா வீட்டுக்கும் இது போதும் என்று சொல்லமாட்டேன். கொங்கிறீற்றில் மெய்யாகவே வெடிப்பு இருந்தால் அதற்குள் பசை ஏற்றி அடைக்கவேண்டும். அத்திவாரத்தைச் சுற்றி நிலத்துக்குள் ஓடும் வடிகுழாய், இங்கே வீப்பிங் டைல் என்பார்களே, அது இடிந்துபோயிருந்தால் தோண்டத்தான் வேண்டும். ஆனால் மலிவான வேலை முடிந்து ஒரு மாரியும் கழிந்த பிறகு அந்த முடிவை எடுக்கலாம். விற்பனையாளர் ஒருநாளும் உங்கள் பீலியைத் துப்பரவாக்கிவிட்டு விலை சொல்லமாட்டார்.

கூரைக் குழாய் நிலத்துக்குள் போகாமல் அந்தரத்தில் அறுந்து நிற்பதைப் பார்த்து, முந்தின வீட்டுக்காரர் செய்த அரைகுறை வேலை என்று திருப்பி நிலக்குழாயில் பொருத்துகிறவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். அது நகரசபை கேட்டு அறுத்தது. 2016 கடைசியோடு றொறன்ரோ முழுவதற்கும் அது சட்டம். கூரைத் தண்ணீர் சாக்கடைக்குள் போனால் சாக்கடை நிரம்பும். சாக்கடை நிரம்பினால் என்ன நடக்கும் என்பதுதான் அடுத்த கதை.

2013 யூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை. 2024 யூலை 16இலும் அதே இடத்தில் 100க்குக் கிட்ட. இரண்டும் கோடை மழைதான், ஆனால் பேஸ்மென்ட்டுக்குப் பருவம் தெரியாது. தெருவுக்கடியில் ஓடும் குழாய் கொள்ளாமல் போனால், தண்ணீர் வந்த வழியே திரும்பி, உங்கள் வீட்டில் ஆகப் பதிந்த துளையால் மேலே வரும். அது பேஸ்மென்ட் தரை வடிகால். பல வீடுகளில் அதற்கு மேல் அரிசி மூட்டை இருக்கும். அல்லது கீழ்த்தட்டுக் கழிப்பறை. வருகிறது மழைத்தண்ணீர் மட்டும் என்று நினைக்கவேண்டாம். பக்கத்து வீட்டுக் கழிவும் கூடவே வரும்.

இதற்கு மருந்து பாக்வாட்டர் வால்வ். கழிவுக்குழாயில், தரைக்கடியில் பொருத்துகிற ஒருவழிக் கதவு. வெளியே போக விடும். தெருப்பக்கமிருந்து தண்ணீர் தள்ளினால் தானே எழும்பி மூடிக்கொள்ளும். அனுமதி எடுத்து, உரிமம் உள்ள பிளம்பரைக் கொண்டு செய்யவேண்டும். றொறன்ரோ நகரசபை செலவில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. வேலை தொடங்கு முன்னரே நிபந்தனைகளை நகரசபையின் 311 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். போட்டவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். கதவு மூடியிருக்கும் நேரம் உங்கள் தண்ணீருக்கும் வழியில்லை. வெளியே மழை கொட்ட, மேல்தட்டில் ஒருவர் குளித்து, ஒருவர் உடுப்புத் தோய்த்தால், அந்தத் தண்ணீர் கீழே இருப்பவரின் கட்டிலடியில் எழும்பும். அடைமழை நேரம் குசினித் தண்ணீரைக்கூட நிறுத்திவைக்கவேண்டும் என்பது மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வருசத்துக்கு ஒருக்கால் மூடியைத் திறந்து பாருங்கள். கொழுப்பும் காகிதமும் சிக்கினால் கதவு முழுதாய் மூடாது.

பேஸ்மென்ட் தரைக்கடியில் சேரும் தண்ணீரை வெளியே இறைக்கும் சம்ப் பம்ப் இருக்கிற வீடென்றால், மார்ச் மாதமே அது இருக்கும் சின்னக் கிணற்றுக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மிதவை எழும்பி மோட்டார் ஓடவேண்டும். பெரிய மழையோடு மின்சாரமும் போகிற ஊர் இது, ஆகவே பற்றரி உள்ளதாக இருக்கட்டும்.

இப்போது எனக்கு ஆத்திரம் வருகிற இடம். மேல்தட்டுக் குசினிக்குக் கல்மேசை மாற்றக் கணக்குப் பாராமல் செலவழிப்போம். கீழே ஒரு வால்வ் என்றால், “இவ்வளவு காலமும் வரேல்லைத்தானே” என்போம். தண்ணீர் வருகிற இரவில் எழும்புவது வீட்டுக்காரர் இல்லை, கீழே படுத்திருக்கிறவர். அந்தப் பிள்ளைக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டினோமா? பிளக் இருக்கும் உயரத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டால் அதற்குள் கால் வைக்கக் கூடாது. மின்பெட்டியும் அதே அறையில் என்றால் மின்சார நிறுவனத்தைக் கூப்பிட்டு வெளியிலிருந்தே நிறுத்தச் சொல்லவேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிசம் போதும். வாடகை வாங்குகிற அன்றைக்கே சொல்லலாம்.

காப்புறுதியிலும் இதே கதை. வீட்டுக் காப்புறுதி இருக்கிறது என்றால் எல்லாம் அதற்குள் என்று நினைக்கிறோம். சாக்கடை திரும்பி வருவதற்குத் தனியாகச் சேர்க்கவேண்டும். நிலத்தின் மேலால் ஓடிவரும் வெள்ளத்துக்குக் காப்புறுதி என்பதே இந்த நாட்டு வீட்டுக்காரர்களுக்கு 2015இல்தான் கிடைக்கத் தொடங்கியது, அதுவும் தனி. சுவரால் மெல்லக் கசிந்து ஊறுவதற்குப் பெரும்பாலும் யாரும் தருவதில்லை. பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டதைச் சொல்லாமல் இருந்தால் கோரிக்கையையே மறுக்கலாம். கீழே இருக்கிறவரின் கட்டிலும் லப்டொப்பும் உங்கள் காப்புறுதிக்குள் வராது. அவர் தனக்கென்று வாடகைக்காரர் காப்புறுதி எடுக்கவேண்டும்.

காணி உறுதி, குடியேறியதற்கான லாண்டட் பேப்பர், கலியாண அல்பம், கூறைச்சேலை, இவையெல்லாம் எங்கள் வீடுகளில் எங்கே இருக்கின்றன? பேஸ்மென்ட்டில் மாடிப்படிக்குக் கீழே, கடதாசிப் பெட்டியில், தரையோடு. மேல்தட்டு அலுமாரிக்கு ஏற்றுங்கள். நனைந்தால் ஒன்றிரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும்.

வெளிக்குழாயையும் விட்டுவிடக் கூடாது. மாரிக்கு முன் உள்ளே அடைக்காமல் விட்டிருந்தால், தண்ணீர் உறைந்து சுவருக்குள் குழாய் வெடித்திருக்கும். மாரி முழுக்கத் தெரியாது. தக்காளிக் கன்றுக்குத் தண்ணீர் விடலாம் என்று வசந்தத்தில் திருகும்போதுதான் பேஸ்மென்ட்டுக்குள் கொட்டும். முதல்முறை திறக்கும்போது ஒருவர் உள்ளே நின்று பார்க்கட்டும்.

வீடு வாங்குகிறவர்களும் இந்த மாதங்களில்தான் தெருத்தெருவாய்த் திரிகிறார்கள். முதல்முறை வெயிலில் பார்த்தால், இரண்டாம்முறை மழையில் போங்கள். பேஸ்மென்ட்டுக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் ஏனென்று கேளுங்கள். சூடாக்கியின் அடித்தகரத்தில் துருக் கோடு இருக்கிறதா, மரக் கதவுகளின் அடி ஊதியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். மூலைக்கு மூலை வாசனைத்திரி எரிந்தால் சாமிப் படமும் இருக்கிறதா என்று தேடுங்கள். இதெல்லாம் பார்க்க நேரமில்லை, இன்றைக்கே கையெழுத்து வையுங்கள் என்று முகவர் அவசரப்படுத்தினால், சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு அந்தக் கார்ப்பெட்டில் மூலைவரை ஒருக்கால் நடந்துவரச் சொல்லுங்கள்.