பதிவேட்டில் முடிந்துபோன இடப்பெயர்வு

வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் தமது கோரிக்கையைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வெளியானது. உரிமை நிறுவப்படாத காணி அரசுக்குரியதாகலாம் என்ற நிலையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; அரசாங்கமும் அறிவித்தலைக் கைவிட முன்வந்தது. விவகாரம் அத்துடன் ஓய்ந்ததாகவே பலரும் கருதினர்.

என்னை உறுத்தியது அந்த ‘மூன்று மாதம்’. 1990இல் வீட்டைப் பூட்டிவிட்டு வெளியேறி, அதன்பின் பலமுறை இடம் மாறிய ஒரு குடும்பத்திடம், உறுதியைத் தேடியெடுத்து வரும்படி தொண்ணூறு நாள் அவகாசம் தரப்பட்டது. அறிவித்தலைத் தயாரித்தவர்கள் தீய நோக்கத்துடன் செயற்பட்டனர் என்று நான் வாதிடவில்லை. இடப்பெயர்வு முடிந்துவிட்டது என்று அவர்கள் உண்மையாகவே நம்பியிருக்கக்கூடும். அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதே ஆராயத்தக்கது.

அது கணக்கெடுப்பின் முறையிலிருந்து வந்தது. இறுதிப் போரின்போது வெளியேறிய மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்களில் மிகப் பெரும்பாலோர் மெனிக் பாம் முகாம்களில் அடைக்கப்பட்டனர். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டபோது, இடப்பெயர்வு முடிவுற்றது என்று உலகுக்குச் சொல்லப்பட்டது. ஆனால் கடைசியாக வெளியேற்றப்பட்டவர்களில் கேப்பாப்புலவு மக்களும் இருந்தனர். அவர்களுடைய ஊரில் இராணுவம் இருந்தமையால், சீனியாமோட்டையில் காடு வெட்டிய நிலத்தில் அவர்கள் இறக்கிவிடப்பட்டனர். முகாமின் பதிவேட்டில் எண்ணிக்கை பூச்சியமானது. அவர்கள் வீடு திரும்பவில்லை.

உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர் தொடர்பாக ஐ.நா. 1998இல் வழிகாட்டிக் கோட்பாடுகளை வகுத்தது. 2010இல் வெளியான நிலைத்த தீர்வுகளுக்கான சட்டகம் இன்னும் தெளிவானது: இடப்பெயர்வின் காரணமாக எழுந்த தேவைகள் ஒருவருக்கு இல்லாமற்போகும்போதுதான், பாகுபாடின்றி அவர் தமது உரிமைகளை அனுபவிக்கும்போதுதான், தீர்வு எட்டப்பட்டதாகும். ஊர் திரும்புதல், தங்கிய இடத்திலேயே வேரூன்றுதல், வேறோர் இடத்தில் குடியமர்தல் என்ற மூன்று வழிகளில் எதையும் மக்கள் தெரிவு செய்யலாம். இலங்கை அமைச்சரவையும் 2016 ஓகஸ்ட்டில் இதையொட்டிய தேசியக் கொள்கையொன்றை அங்கீகரித்தது. நல்ல ஆவணம்தான். அலுவலகங்களின் அன்றாடப் படிவங்களுக்குள் அது இறங்கி வந்ததாகத் தெரியவில்லை.

படிவம் கேட்பது ‘மீளக் குடியேறினீர்களா?’ என்பதை மட்டுமே. வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து 1990இல் ஒரு தம்பதியர் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் ஒரு மகனுடனும் வெளியேறினர் என்று வைப்போம். பதிவில் அது ஒரு குடும்பம், ஒரு குடும்ப அட்டை. கோணாப்புலம் போன்ற நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வளவுகளிலும் கால் நூற்றாண்டு கழிகிறது. பிள்ளைகள் அங்கேயே மணம் முடிக்கின்றனர். பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் எழுதுவது யாழ்ப்பாணத்து வழமை. எழுத வேண்டிய நிலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் இருந்தது. 2013இல் அந்த வலயத்தின் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நீதிமன்றம் சென்றதன் பின்னணியில் இதுவும் உண்டு. பிற்பாடு காணி பகுதி பகுதியாக விடுவிக்கப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது நான்கைந்து பரப்பு. இப்போது அது நான்கு குடும்பம். ஒன்று திரும்புகிறது, மூன்று காணியற்றவையாகின்றன. பதிவேடோ ‘குடும்பம் 1, மீளக் குடியேறியது’ என்கிறது.

தொழிலும் அப்படியே. மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின் பின் 2017 ஜூலையில் மக்களிடம் திரும்பியது. அன்று கடற்கரையில் நின்ற முதியவர்களுக்குக் கடலைத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகள் உள்நாட்டு முகாம்களில் கூலிவேலை பார்த்து வளர்ந்தவர்கள். காற்றையும் நீரோட்டத்தையும் வாசிக்க அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க இடமே இருக்கவில்லை. அவர்களிடம் ஒரு படகையும் வலையையும் கொடுத்துவிட்டு வாழ்வாதாரம் வழங்கப்பட்டதாக எழுதலாம். ஆனால் இழந்தது ஒரு தலைமுறையின் தொழிலறிவு. இதை எந்தத் தேவை மதிப்பீட்டிலும் நான் கண்டதில்லை. செம்மண் தோட்டங்களிலும் இதே கதைதான்: கிணறு தூர்ந்து, எல்லைக்கல் பெயர்ந்து, வாய்க்கால் மறைந்த நிலம் விடுவிக்கப்பட்ட மறுநாளே வெங்காயம் தராது. ஆறு மாத உலருணவு நிவாரணம் எந்தக் கணக்கில் தீர்மானிக்கப்பட்டதோ!

இன்னொரு சாரார், தமிழ் அரசியல் பேச்சில் எளிதில் விடுபட்டுப் போகிறவர்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்தது ஓரிரு மணித்தியாலங்களே. பெரும்பாலோர் புத்தளத்தில் தங்கினர். 2009இன் பின் அரசும் உதவி நிறுவனங்களும் இடம்பெயர்ந்தோரைப் ‘பழையோர்’, ‘புதியோர்’ என்று பிரித்தன; 2008 ஏப்ரலுக்குப் பின் வெளியேறியோருக்கே முன்னுரிமை கிட்டியது. இருபது ஆண்டு காத்திருந்தவர்கள் அக்காத்திருப்பின் காரணமாகவே பின்தள்ளப்பட்டனர்.

இவர்களுள் சிலர் வடக்கில் பதிந்துவிட்டுப் பிள்ளைகளின் பாடசாலைக்காகப் புத்தளத்திலும் ஒரு வீடு வைத்திருக்கின்றனர். ‘இவர்கள் உண்மையில் திரும்பியவர்களா?’ என்று அதிகாரிகள் ஐயுறுகின்றனர். அயலவரும் முகம் சுளிக்கின்றனர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் ஊரில் வாழ்ந்தவருக்கு இரண்டு ஊர் இருப்பதில் வியப்பென்ன? கொழும்பில் வேலை செய்யும் யாழ்ப்பாணத்தவரிடம் இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நாட்டின் நிதிநிலையில் இதற்கெல்லாம் பணம் ஏது என்ற மறுப்பு நியாயமானது. 2022இன் சரிவை மறந்துவிட்டு எழுத முடியாது. ஆயினும் மதிப்பீடு செய்வதற்கே பெருஞ்செலவு ஆகாது. கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் ஏற்கனவே உள்ளனர். மாற வேண்டியது கேள்வி. 1990இல் வெளியேறிய ஒவ்வொரு குடும்பமும் இன்று எத்தனை குடும்பமாகியுள்ளது, அவற்றுள் காணியற்றவை எத்தனை, உறுதியோ அனுமதிப்பத்திரமோ எவரிடம் இருக்கிறது, இறந்தவரின் அல்லது காணாமற்போனவரின் பெயரிலேயே நிற்கும் காணி எத்தனை என்று எழுதப்பட வேண்டும். ‘மீளக் குடியேறியோர்’ என்று மூடப்பட்ட கோப்புகளும் இதில் அடங்க வேண்டும். காணியின் மீது அரசு எடுக்கும் எந்த நடவடிக்கையும் இக்கணக்கு முடியும்வரை காத்திருக்கலாம். பத்தாண்டு ஆட்சியால் உரிமை மாறும் விதியிலிருந்து இடம்பெயர்ந்தோரைக் காக்க 2016இல் சட்டம் இயற்றிய நாடு இது. காலம் தவறியவர்களுக்குக் காலத்தை நீட்டித் தருவது அதற்குப் புதிதன்று.

2025 ஏப்ரலில் வசாவிளான் ஊடாகப் பலாலிக்குச் செல்லும் வீதி முப்பத்தைந்து ஆண்டுகளின் பின் திறக்கப்பட்டது. அப்போது காலை முதல் மாலை வரை மட்டுமே வாகனத்தில் போக முடிந்தது. இடையில் நிறுத்தவோ நடந்து செல்லவோ அனுமதி இருக்கவில்லை. இருபுறமும் தமது காணியைப் பார்த்தபடி பேருந்தில் கடந்துபோகும் உரிமையாளர்களைப் புதிய படிவத்தின் எந்த நிரலில் எழுதுவது என்பதையும் பிரதேச செயலகங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கும்.