பிச்சைப் பாத்திரம் ஏந்தவா பிள்ளை பெற்றார்கள்?

டில்லியிலே ஒரு ரிக்ஷாத் தொழிலாளி. மிதித்தால் அடுப்பு எரியும், படுத்தால் அணையும். அவருடைய ஏழு வயது மகனுக்குக் காச்சர் என்றொரு பிறவி நோய். உடம்பிலே ஊற வேண்டிய ஒரு நொதி ஊறுவதில்லை. அதனால் கரைய வேண்டிய கொழுப்பு கரையாமல் மண்ணீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் தங்குகிறது. வயிறு பானையாக உப்புகிறது, இரத்தம் வற்றுகிறது, எலும்பு வலுவிழக்கிறது. மருந்து இல்லையா? இருக்கிறது. குறைவான நொதியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றினால் வயிறு வடியும், பிள்ளை எழுந்து ஓடுவான். விலைதான் மாதத்துக்குச் சில லட்சம் ரூபாய்! அதே நோய்க்கு முன்பே பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பம் அது. இந்தப் பிள்ளையையும் மண்ணுக்குக் கொடுக்க மாட்டோம் என்று உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது.

2014 ஏப்ரல் 17ஆம் நாள் நீதிபதி மன்மோகன் தீர்ப்பளித்தார். ஏழை என்பதற்காக ஒரு குழந்தையைச் சாகவிடச் சர்க்காருக்கு உரிமை இல்லை. உயிர் வாழும் உரிமையைத் தரும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு ரிக்ஷாக்காரர் மகனுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. டில்லி சர்க்கார் அந்தச் சிறுவனுக்கு இலவசமாக மருந்து கொடுக்க வேண்டும். இதுதான் தீர்ப்பின் சாரம்.

தீர்ப்புக்குப் பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? இத்தகைய குழந்தைகள் நாட்டில் எத்தனை பேர் என்று கணக்கெடுத்து, மருந்தை மொத்தமாக வாங்கி, ஜில்லாதோறும் கொடுத்திருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 2017இல் ஒரு கொள்கை வகுத்தார்கள். 2018இல் அதை நிறுத்தி வைத்தார்கள். 2021 மார்ச்சில் புதுக் கொள்கை கொண்டுவந்தார்கள். அந்தப் புதுக் கொள்கை நோய்களை மூன்று கூறாகப் பிரித்தது. ஒருமுறை வைத்தியம் செய்தால் தீரும் நோய் என்றால் 20 லட்சம் வரை உதவி. ஆயுள் முழுதும் விலையேறிய மருந்து வேண்டிய நோய் என்றால்? இணையதளம் ஒன்று திறக்கிறோம், இரக்கமுள்ளவர்கள் நன்கொடை போடட்டும் என்றது! கோவில் வாசலில் கையேந்துவோரைக் கண்டு முகம் சுளிக்கிற ஆளவந்தார்கள், தாங்களே உண்டியல் வைத்த விந்தையை எங்கே போய்ச் சொல்வது?

பெற்றோர் சும்மா இருக்கவில்லை. மனு மேல் மனு; வழக்கு மேல் வழக்கு. அதன் பிறகே 2022இல் மூன்று கூறு நோய்களுக்கும் 50 லட்சம் வரை என்று உச்சவரம்பு உயர்ந்தது. தொகை பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் மாதந்தோறும் லட்சங்களை விழுங்கும் மருந்துக்கு அது ஓராண்டு வரும், ஈராண்டு வரும். பணம் தீர்ந்த மறுநாள் குழந்தையின் நோயும் தீர்ந்துவிடுமா? 2024 அக்டோபரில் டில்லி உயர்நீதிமன்றம் தலையிட்டு, இரண்டு நிதியாண்டுகளுக்கு 974 கோடி ரூபாயில் தேசிய நிதி ஒன்று வைக்கச் சொல்ல வேண்டியிருந்தது. தாமாகச் செய்ய வேண்டியதைக்கூட நீதிமன்றம் பிடரியைப் பிடித்துத் தள்ளினால்தான் செய்வோம் என்பது எந்த ஊர் ஆட்சி முறை?

முதுகுத்தண்டு தசைநலிவு நோய் என்று இன்னொன்று உண்டு. எஸ்.எம்.ஏ. என்று சுருக்கிச் சொல்வார்கள். கடுமையான வகையாக இருந்தால் குழந்தைக்குத் தலை நிற்காது. பால் விழுங்க முடியாது. வைத்தியம் இல்லாவிட்டால் பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் மூச்சு நின்றுவிடும். இதற்கு ஒரே ஒருமுறை ஏற்றும் மருந்தொன்று 2019இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. நம் பணத்தில் 16 கோடி ரூபாய்! 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு சிறுவனுக்காக ஊரும் உலகமும் சேர்ந்து 46 கோடிக்கு மேல் கொட்டிக் கொடுத்தன. தமிழகத்துக் குழந்தை ஒன்றுக்கும் அதே ஆண்டு அப்படித்தான் பணம் திரண்டது. கொடுத்தவர்களில் கூலிக்காரர்களும் உண்டு. அந்தக் கைகளை வணங்குகிறோம். கொடுமையைக் கேளுங்கள்: அந்த மருந்துக்குக் கோடிக்கணக்கில் இறக்குமதி வரி வேறு! சாகக் கிடக்கும் குழந்தையின் மருந்திலே சர்க்காருக்குப் பங்கு! அதை நீக்கச் சொல்லிப் பெற்றோர் தனித்தனியாகக் கெஞ்ச வேண்டியிருந்தது. பொது விலக்கு வந்தது 2023 ஏப்ரலில்.

படம் பத்திரிகையிலே வந்த குழந்தைக்குப் பணம் சேர்ந்தது. மில் லைன் வீட்டிலே, செங்கற்சூளை ஓரத்திலே, நோயின் பெயர்கூடத் தெரியாமல் கண்மூடிய குழந்தைக்கு? “முன்ஜென்ம வினை” என்று சொல்லிப் புதைத்துவிட்டு வருகிறார்கள். போதாக்குறைக்கு, “மருமகள் வந்த நேரம்” என்று பெற்றவள் தலையிலே பழி! காச்சரும் எஸ்.எம்.ஏ.யும் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதுபட்ட மரபணு வந்து சேர்ந்தால் வருபவை. இருவரும் நல்ல உடம்போடுதான் இருப்பார்கள். அப்படிப்பட்ட இருவருக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளையும் மாமன் மகளையும் கட்டிக்கொள்ளும் நம் நாட்டு வழக்கத்தில் அந்த இருவர் சந்திப்பது எளிதாகிறது. வினையும் இல்லை, சாபமும் இல்லை. நம் தோழர்கள் தெருமுனைக் கூட்டங்களில் இதைச் சொல்ல வேண்டும். பெண்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

இனி விலைக்கு வருவோம். அங்கேதான் சூட்சுமம்.

1951இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஒரு தாய். அவள் மகளுக்குப் பீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறை, மூளை வளராது. வைத்தியம் இல்லை என்றார்கள். அவள் கேட்கவில்லை. ஹார்ஸ்ட் பிக்கல் என்ற டாக்டரின் ஆராய்ச்சிக்கூட வாசலில் காலைதோறும் வந்து நின்றாள்: “என் மகளுக்கு என்ன செய்யப்போகிறீர்கள்?” அந்த நச்சரிப்பு பொறுக்காமல்தான் பிக்கலும் அவருடைய தோழர்களும் தனி உணவு ஒன்றைத் தயாரித்தார்கள். அன்றுவரை நிற்கவும் முடியாத பிள்ளை தேறத் தொடங்கியது. பிறகு, பிறந்த சில நாளில் குதிகாலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு இரத்தத்தால் அந்த நோயைக் கண்டுபிடிக்கும் சோதனையை அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி வகுத்தார். அவரும் மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைக்குத் தகப்பன். 1960களின் தொடக்கம் அது. அவர் 6 டாலர் செலவில் தயாரித்த சோதனைப் பெட்டிக்கு, தனியுரிமை பெற்ற கம்பெனி குறித்த விலை என்ன தெரியுமா? 262 டாலர்! கத்ரி கொதித்தெழுந்தார். முதலாளிகளின் சொர்க்கம் என்கிறார்களே, அந்த அமெரிக்காவின் சர்க்காரே தலையிட்டுத் தனியுரிமையைத் தள்ளியது.

காச்சர் மருந்து மட்டும் எப்படிப் பிறந்தது? அமெரிக்க சர்க்காரின் சுகாதார ஆராய்ச்சி நிலையத்தில், மக்கள் வரிப்பணத்தில், ராஸ்கோ பிராடி என்ற விஞ்ஞானி ஆண்டுக்கணக்கில் உழைத்துக் கண்டது. 1991இல் அது விற்பனைக்கு வந்தபோது எதிலிருந்து எடுத்தார்கள்? பிரசவ விடுதிகளில் கழித்துவிடும் நஞ்சுக்கொடியிலிருந்து! தாய்மார் உடம்பிலிருந்து வந்த பொருள், பொதுப் பணத்தில் பிறந்த அறிவு. விலை குறிக்கும் உரிமை மட்டும் கம்பெனிக்கு.

எஸ்.எம்.ஏ.க்கு வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்லாம் என்ற மருந்தின் வரலாறு இன்னும் சுவையானது. அதன் ஆராய்ச்சிக்குத் தொடக்கத்தில் தோள் கொடுத்தது, இந்நோய் கண்ட குழந்தையின் பெற்றோர் நிறுவிய ஓர் அறக்கட்டளை. பிறகு ரோஷ் கம்பெனி வந்து சேர்ந்தது. இந்தியாவில் ஒரு புட்டி சுமார் 6 லட்சம் ரூபாய் என்று விலை குறித்தது. வளர்ந்த பிள்ளைக்கு ஒரு புட்டி பன்னிரண்டு நாள்தான் வரும்! ஐதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தைச் செய்ய முன்வந்தபோது, கூடாது என்று ரோஷ் வழக்காடியது. 2025இல் டில்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதியும், பிறகு இரு நீதிபதிகளும் தடை தர மறுத்தார்கள். உச்சநீதிமன்றமும் குறுக்கிட மறுத்தது. நாட்கோவின் புட்டி கடைக்கு வந்தது. விலை 15,900 ரூபாய்.

தோழர்களே, மறுபடியும் படியுங்கள். ஆறு லட்சம், பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரம். நாட்கோ ஒன்றும் தரும சத்திரம் நடத்தவில்லை. அந்த விலையிலும் அதற்கு லாபம் இருக்கும். அப்படியானால் மிச்சமிருந்த ஐந்தே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான தொகை எதன் விலை?

“ஒரு குழந்தைக்குக் கொட்டும் பணத்தில் ஆயிரம் குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தீர்க்கலாமே” என்று கேட்போர் உண்டு. 2021ஆம் ஆண்டுக் கொள்கையும் இந்தத் தொனியிலேதான் பேசுகிறது. நேர்மையாகக் கேட்பவரை நாம் பழிக்க மாட்டோம். ஏழை நாட்டிலே எண்ணிச் செலவு செய்ய வேண்டும் என்பது நியாயமான பேச்சே. ஆனால் 6 லட்சத்தை மலையைப்போல, கடலைப்போல, அசைக்க முடியாத இயற்கைப் பொருளாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது என்ன நியாயம்? விலையை முதலில் உடைத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். ஆயிரம் குழந்தைகளையும் இந்த ஒரு குழந்தையையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டிய தேவையே பெருமளவு குறையும்.

15,900 ரூபாய் மட்டும் தொழிலாளிக்கு எட்டுமா என்றால், எட்டாது. ஆண்டுக்கு முப்பது புட்டி. நாலே முக்கால் லட்சத்துக்கு மேல். தறிக்காரர் எங்கே போவார்? ஆகவே வாங்கித் தர வேண்டியது சர்க்கார்தான். கேரளம் 12 வயது வரையுள்ள எஸ்.எம்.ஏ. குழந்தைகளுக்கு இலவச மருந்து என்று வழி காட்டியிருக்கிறது. ஒரு மாநிலத்தால் முடிந்தது மத்திய சர்க்காரால் முடியாதா?

தொழிற்சங்கங்களின் கோரிக்கை மனுக்களில் சம்பளத்தோடும் பஞ்சப்படியோடும் இதுவும் இடம்பெற வேண்டும். 50 லட்ச உச்சவரம்பு போக வேண்டும். பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும், சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே, குதிகால் இரத்தச் சோதனை வேண்டும். முளையிலே கண்டால் பல நோய்களை அற்பச் செலவில் தடுக்கலாம். விலை இறங்காத மருந்தை நம் நாட்டிலேயே செய்ய உத்தரவிட வேண்டும். அதற்குச் சட்டம் இல்லையா? 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 84, 92, 100ஆவது பிரிவுகள் எதற்கு இருக்கின்றன? 2012இல் மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற புற்றுநோய் மருந்தொன்றை, கட்டாய உரிமம் கொடுத்து 8,880 ரூபாய்க்குக் கொண்டுவந்தது இதே நாடுதான். அதன் பிறகு அந்தக் கத்தி உறையிலேயே துருப்பிடிக்கிறது. காச்சர் குழந்தைக்காக, எஸ்.எம்.ஏ. குழந்தைக்காக அதை எடுக்கப்போவது எந்தத் தேதியில்? சுகாதார மந்திரி பதில் சொல்லட்டும்.