ஜன்னலுக்கும் ஒரு மடை வேண்டும்



பாளையங்கோட்டைப் பக்கம் புதுவீடு கட்டிக் குடிபோன வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். "அக்கா, படுக்கையறைக்கு ஏ.சி. வைக்கிறோம், ரோட்டுச் சத்தமும் கேட்க வேண்டாம் என்று இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட்டோம். நாலு வருஷம் ஆகவில்லை, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் பனி மூடினாற்போல் வெளுத்துவிட்டது. எத்தனை துடைத்தாலும் போகவில்லை. ஹாலில் தள்ளு ஜன்னல். மழை பெய்தால் அதன் அடியிலிருந்து தண்ணீர் வழிந்து தரையில் நிற்கிறது. போன கார்த்திகையில் என் இரண்டு வயசு மகன் அதில் வழுக்கி விழுந்து நெற்றியில் தையல் போட்டோம். 'இருக்கிற ஓட்டையை எல்லாம் சிலிக்கான் வச்சு அடைச்சிரு' என்று அத்தை சொல்கிறார்கள். அடைக்கலாமா?"

அடைக்காதீங்கம்மா! இந்தப் பக்கத்தைப் படித்து முடிக்கிற வரையாவது பொறுங்கள்.

நாமெல்லாம் தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவர்கள். பாபநாசத்தில் இறங்குகிற ஆறு ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரைக்கும் எத்தனை கால்வாய்க்குப் பிரிகிறது! வயலுக்குத் தண்ணீர் வர ஒரு மடை என்றால், மிஞ்சினது வெளியே போக ஒரு வடிகால். வடிகாலை அடைத்தால் என்ன ஆகும்? வரப்பு உடையும். இது விவசாயி வீட்டுச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஜன்னலும் அப்படித்தான். சாய்ந்தடிக்கிற மழையில் கொஞ்சம் தண்ணீர் உள்ளே நுழையத்தான் செய்யும். அது தெரிந்தே, நுழைந்த தண்ணீர் வெளியே போக வழி வைத்துத்தான் ஜன்னலைச் செய்கிறார்கள். ஆகவே ஜன்னலில் ஓட்டையைப் பார்த்தால் உடனே அடைக்காமல், "இது தானாக விழுந்த ஓட்டையா, வேண்டுமென்றே விட்ட ஓட்டையா?" என்று முதலில் கேளுங்கள். பாதி ரிப்பேர் அந்தக் கேள்வியிலேயே முடிந்துவிடும்.

நம் ஊர்க் காற்றும் மழையும்

ஆனி, ஆடி வந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று பிய்த்துக்கொண்டு வருகிறது. தென்காசி, குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கும். கிழக்கே வர வர நமக்குக் கிடைப்பது தூசிதான். அந்தத் தூசியெல்லாம் ஜன்னல் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. காய்ந்த தூசி சேறாகி, தண்ணீர் போகிற துளையை நன்றாக அடைத்துவிடும். புது ஜன்னல் முதல் வருஷம் ஒழுகாமல் இருந்து, இரண்டாம் வருஷம் ஒழுகுவதன் ரகசியம் பல வீடுகளில் இதுதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யார் மறப்பார்கள்? மார்கழி பிறந்த அன்றே பிடித்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். அந்த வெள்ளத்துக்கு எந்த ஜன்னலும் தாங்காதுதான். ஆனால் வருஷாவருஷம் வருகிற சாதாரண அடைமழைக்குத் தாங்காமல் போனால், அதை நாம் சரிபண்ணிக்கொள்ளலாம்.

தள்ளு ஜன்னல் ஒழுகினால்

யு.பி.வி.சி., அலுமினியம் எதுவானாலும், அடிச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில் குனிந்து பாருங்கள். ஒரு விரல் நுழையாத அளவில் நீளவாக்கில் சின்னத் துளைகள் இருக்கும். சிலவற்றில் பிளாஸ்டிக் மூடி மாட்டியிருப்பார்கள். அவைதான் ஜன்னலின் வடிகால். பள்ளத்துக்குள்ளும் அதற்கு இணையாகத் துளை இருக்கும்.

எறும்பு வருகிறது, பல்லி வருகிறது என்று இதை எம்-சீல் வைத்து அடைத்த வீடுகள் எத்தனையோ. சில வீடுகளில் பூச்சு வேலையின்போதே சிமெண்ட் போய் அடைத்திருக்கும். குளவி மண்கூடு கட்டியிருப்பதும் உண்டு.

முதலில் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் பள்ளத்துத் தூசியைக் காய்ந்தபடியே கூட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிவிட்டால் சேறாகிவிடும். பிறகு பழைய பல்துலக்கும் பிரஷ். அதற்கப்புறம் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்துங்கள். இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைப் பள்ளத்தில் ஊற்றுங்கள். வெளிப்பக்கம் சொட்டுச் சொட்டாக இல்லாமல் தாரையாக ஓடினால் மடை திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே நின்றால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

எறும்புக்குப் பயமா? துளையின் மேல் மெல்லிய வலைத்துண்டு வையுங்கள். அதையும் மாதம் ஒருமுறை தட்டிச் சுத்தம் பண்ண வேண்டும். பள்ளத்தில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் கொசு முட்டையிட அதுவே போதும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இதையும் யோசியுங்கள்.

மாடி ஜன்னலில் வெளிப்பக்கத் துளையைக் குத்த எட்டிச் சாய வேண்டாம். உள்ளேயிருந்து முடிந்த மட்டும் செய்யுங்கள். மிச்சத்துக்கு ஆள் கூப்பிடுங்கள். துளைக்கு நூறு வழி உண்டு, உயிர் ஒன்றுதான்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிக்க

வடிகால் சரியாக இருந்தும் ஒழுகுகிறதா? வெயில் நாளில் தரைத்தள ஜன்னலில் இந்தச் சோதனை செய்யுங்கள். ஒருவர் வெளியே குவளையோடு, ஒருவர் உள்ளே டார்ச்சோடு. முதலில் ஜன்னலின் அடிப்பாகத்தில் மட்டும் ஐந்து நிமிஷம் தண்ணீர் ஊற்றுங்கள். அப்புறம் பக்கவாட்டில். கடைசியாக மேலே. கீழிருந்து மேலே போவதுதான் முக்கியம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடமும் வழிந்து, எங்கே நுழைகிறது என்று தெரியாமல் போகும்.

சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் நுழைந்தால் அது தானாக விழுந்த ஓட்டை. அதை அடைக்கத்தான் வேண்டும். பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுத்து, ஈரம் இல்லாமல் காயவிட்டு, வெளிப்பக்கமாகப் புதிதாக வையுங்கள். பழையதின் மேலேயே பூசினால் ஒட்டாது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல் என்றால் புளிப்பு வாடை அடிக்கிற சிலிக்கான் வேண்டாம், கண்ணாடியின் ஓர ஒட்டை அது கெடுக்கலாம். கடை அண்ணாச்சியிடம் "நியூட்ரல்" என்று கேட்டு வாங்குங்கள். பூசும்போது வடிகால் துளை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னல் தள்ள வராமல் மக்கர் பண்ணினால் தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய் எதையும் ஊற்றாதீர்கள். தூசி அதில் ஒட்டிக் களியாகும், ரப்பரும் கெடும். பள்ளத்தைச் சுத்தம் செய்தாலே பாதி சரியாகும். இல்லையென்றால் கதவின் ஓரத்தில், அடிப்பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கிறதா பாருங்கள். சக்கரத்தை ஏற்றி இறக்க அதுதான். கால் சுற்று மட்டும் திருகித் தள்ளிப் பாருங்கள். கொண்டி சரியாக விழாத குறையும் இதிலேயே பெரும்பாலும் தீரும்.

கண்ணாடிக்குள் பனி

இப்போது வாசகியின் படுக்கையறைக்கு வருவோம். கண்ணாடியில் வியர்வை கட்டினால் அது எந்தப் பக்கம் என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

அறைக்குள் இருக்கிற பக்கம் என்றால், உள்ளே ஈரம் அதிகம். மழைக்காலத்தில் அறைக்குள் துணி காயப்போடுவது, குளியலறை ஆவி, இவைதான் காரணம். கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும். லண்டன், கனடா என்று இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் வெளியே குளிர், உள்ளே சூடு. அதனால் அங்கே உள்பக்கம் வியர்ப்பதுதான் பெரிய தொல்லை.

நமக்கு அது தலைகீழ். இரவெல்லாம் ஏ.சி. ஓடி, வெளியே மழை விட்ட புழுக்கமாக இருந்தால், காலையில் கண்ணாடியின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். ஐஸ் மோர் ஊற்றிய டம்ளர் வெளியே வியர்க்குமே, அதே கதைதான். குறை ஒன்றும் இல்லை. வெயில் ஏறினால் மறையும்.

இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் என்றால்தான் விஷயம் வேறு. நடுவில் ஓரத்தைச் சுற்றி ஒரு மெல்லிய சட்டம் இருக்கும். மாத்திரை டப்பாவுக்குள் ஈரம் இழுக்கச் சின்னப் பொட்டலம் போட்டிருப்பார்களே, அதுபோல ஈரம் உறிஞ்சும் மணிகள் அதற்குள் இருக்கும். சுற்றிலும் ஒட்டு போட்டு மூடியிருப்பார்கள். அந்த ஒட்டு விட்டுப்போனால், பகல் சூட்டில் உள்காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். தினமும் இப்படி மூச்சுவிட்டு மூச்சுவிட்டு மணிகள் நிறைந்துவிட்டால் பனி கட்டத் தொடங்கும். நீங்கள் துடைப்பது வெளியே, பனி இருப்பது உள்ளே. எப்படிப் போகும்?

இதை வீட்டில் சரிபண்ண முடியாது. கண்ணாடியில் துளை போட்டு உலர்த்தித் தருகிறோம் என்று யாராவது வந்தால், பனி கொஞ்ச நாள் மறையலாம், மூடின ஒட்டு திரும்ப வராது. ஆனால் பயப்பட வேண்டாம், முழு ஜன்னலையும் மாற்றவும் தேவையில்லை. சட்டம் அப்படியே இருக்க, அந்த ஜோடிக் கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாம். நீளம், அகலம், இரண்டு கண்ணாடியும் இடைவெளியும் சேர்ந்த மொத்தக் கனம், இந்த மூன்றும் குறித்துக்கொடுங்கள். அதற்கு முன்னால் ஜன்னல் வாங்கின ரசீதைத் தேடி எடுங்கள். ஒட்டு விட்டுப்போவதற்குத் தனியாக உத்தரவாதம் எழுதிக் கொடுப்பது உண்டு. குழந்தை உள்ள அறைக்கு டஃபன்டு கண்ணாடி என்று கேளுங்கள். உடைந்தாலும் கத்திபோலக் கிழிக்காமல் சின்னச் சின்னத் துண்டாக உதிரும்.

ஒட்டு சீக்கிரம் விட்டுப்போகப் பெரிய காரணம் என்ன தெரியுமா? கண்ணாடியின் அடிஓரம் தண்ணீரில் ஊறிக்கொண்டே இருப்பது. அதாவது இங்கேயும் அந்த வடிகால்தான்! அதைத் திறக்காமல் புதுக் கண்ணாடி போட்டால் அதற்கும் அதே கதிதான்.

பழைய மர ஜன்னல்

எங்கள் வீட்டில் கீழே தேக்கு ஜன்னல், மாடியில் புது ஜன்னல், இரண்டும் உண்டு. கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பழைய வீடுகளில் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

மழையில் மரம் ஊதி, கதவு சாத்த வராது. உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடாதீர்கள். இன்று ஊதின மரம் பங்குனியில் சுருங்கும். அப்போது விரற்கடை இடைவெளி விழும். உரசுகிற ஓரத்தில் சாக்கட்டி தேய்த்துச் சாத்தித் திறந்தால் எங்கே உரசுகிறது என்று அழிந்து காட்டும். அந்த இடத்தில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து மழைக்காலத்தை ஓட்டுங்கள். தை பிறந்து மரம் காய்ந்த பிறகும் உரசினால் இழைக்கலாம்.

கீல் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால், மூங்கில் குச்சியைச் சீவி ஃபெவிகாலில் தோய்த்துத் துளையில் இறுக்கி, ஒருநாள் காயவிட்டு மறுபடி முடுக்குங்கள். கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி உதிர்ந்திருந்தால், சுரண்டி, மரத்துக்கு ஒரு கை பிரைமர் அடித்து, புதுப் பட்டியைச் சரிவாக வையுங்கள். தண்ணீர் தங்காமல் வழிய வேண்டும்.

இன்னொன்று. கதவின் அடிஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பெயின்டே அடித்திருக்காது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் அங்கேதான் உறிஞ்சி ஏறி மரத்தை உளுக்க வைக்கிறது. மரம் நன்றாகக் காய்ந்த நாளில் உப்புத்தாள் போட்டு, அந்த ஓரத்துக்கு இரண்டு கை பெயின்ட் அடியுங்கள்.

பிள்ளைகளுக்காக

ஜன்னல் ஒட்டிக் கட்டிலோ ஸ்டூலோ போடாதீர்கள், பிள்ளை ஏறிவிடும். மாடியில் கம்பி இல்லாத தள்ளு ஜன்னல் கூடவே கூடாது. கொசுவலை பிள்ளையைத் தாங்காது. மழை நாளில் ஜன்னலடியில் ஒரு பழைய சாக்கை விரித்து வையுங்கள். ஜன்னலுக்குக் கீழே சுவிட்ச் பெட்டி இருந்து சுவர் ஈரமாக இருந்தால் தொடாமல் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ள மூன்றே வேலை. ஆடிக்காற்று ஓய்ந்ததும் புரட்டாசியில் பள்ளத்தைக் கூட்டித் துளையைக் குத்துவது. முதல் மழைக்கு முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது. மாசியில் மர வேலையும் பெயின்டும்.

அடுத்த இதழில் கொசுவலை கிழிந்தால் தைப்பது, மாற்றுவது பற்றிப் பேசலாம். உங்கள் வீட்டு ஜன்னல் என்ன சொல்கிறது என்று எழுதுங்கள் சகோதரிகளே!