மரத்தை யார் பிடிப்பது?

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலமானாலும் சரி, மேலே செம்மேடானாலும் சரி, கைவேலை பழகிய ஆசாரியைப் பெரும்பாலும் தரையில்தான் பார்க்கலாம். எட்டும் தூரத்தில் உளி, இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். மேசை கிடையாது. இதைப் பார்த்தவர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒரு பட்டறை மேசை வாங்கக்கூட வழியில்லையே என்று சிலர் இரக்கப்படுவார்கள். முன்னோர் கண்ட முறை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று சிலர் பெருமைப்படுவார்கள். இரு சாராருமே மரவேலையின் முதல் கேள்வியைக் கேட்பதில்லை. வேலை நடக்கும்போது மரத்தை யார் பிடித்துக்கொள்வது?

உளியோ ரம்பமோ இழைப்புளியோ, எந்தக் கருவியும் மரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும். மரம் நகர்ந்தால் வெட்டு பிசகும். கருவி கையைப் பதம் பார்க்கும். இரண்டு கையும் கருவியில் இருக்கும்போது மரத்துக்கென்று மூன்றாவது பிடிமானம் தேவை. தரையில் உட்காரும் ஆசாரிக்கு அந்தப் பிடிமானம் பாதம். பலகையை ஒரு கட்டையின் மேல் சாய்த்து, உள்ளங்காலால் அமுக்கி, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே விளிம்பைக் கவ்விக்கொள்வார். பலகையைத் திருப்ப வேண்டுமானால் பாதம் தளரும், கை திருப்பும், பாதம் மறுபடி அழுத்தும். எந்த இயந்திரப் பிடியும் இவ்வளவு வேகமாகத் திறந்து மூடாது. அதைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. மரம் நூலளவு நழுவினாலும் பாதத்துக்குத் தெரிந்துவிடும். தட்டும் கை தானாகவே நின்றுவிடும்.

மலைக்கு இந்த முறை பொருந்தியதற்கு இன்னொரு காரணமும் சொல்லலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலேறும் சாலை வருமுன், எந்தப் பொருளும் ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமையாகத்தான் போக வேண்டும். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏர் செய்யவோ உரல் குடையவோ நிலை வைக்கவோ ஆசாரி வீட்டுக்கு வீடு போய்விடலாம். இரண்டு ஆள் தூக்கத் திணறும் மேசை அவரோடு போகாது.

சுவீடனில் பிடிமானத்துக்கு வேறு விடை கிடைத்தது. நீண்ட குளிர்காலத்தில் வேலை வீட்டுக்குள் ஓரிடத்தில் நிலைத்து நடந்ததால் அங்கே கனமான மேசைக்கு இடம் இருந்தது. ஸ்மோலாந்து பகுதியைச் சேர்ந்த ஸ்டோக்கரீட் என்ற சிற்றூரில் 1926இல் தொடங்கிய ஷோபெர்க்ஸ் நிறுவனம் இன்றும் இத்தகைய தச்சு மேசைகளுக்குப் பேர்பெற்றது. இந்த மரபில் வரும் மேசையைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் சூட்சுமம் விளங்கும். தடித்த பீச் அல்லது பிர்ச் பலகைகளை ஒட்டிச் செய்த மேற்பரப்பின் முன்விளிம்பை ஒட்டி வரிசையாகத் துளைகள். அவற்றில் செருகவும் எடுக்கவும் வசதியான முளைகள். வலது கோடியில் திருகால் நகரும் ஒரு தாடை; அதிலும் ஒரு துளை. இழைக்க வேண்டிய பலகையை இரண்டு முளைகளுக்கு நடுவே படுக்கவைத்து, திருகை அரைச் சுற்று முறுக்கினால் பலகை இரு முனையிலும் இறுகிவிடும். முளைகள் பலகையின் மட்டத்துக்குக் கீழேயே நிற்பதால், மேற்பரப்பில் இழைப்புளி ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தடையின்றி ஓடும். இடது பக்கம் இன்னொரு தாடை. பலகையை நிறுத்திப் பிடித்து விளிம்பை இழைக்கவும், முனையில் நாக்கு அறுக்கவும் அது.

நின்று இழைப்பவருக்கு விசை காலிலிருந்தும் இடுப்பிலிருந்தும் வரும். உட்கார்ந்து இழைப்பவருக்கு அதை முழுக்கத் தோளும் முதுகும் தர வேண்டும். அதனால்தான் நீளப் பலகைக்கு நம்மூரில் பெரிய இழைப்புளியை ஒருவர் தள்ள, எதிரில் ஒருவர் இழுப்பார். மேசையின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. கையைத் தொங்கவிட்டு நின்றால் மணிக்கட்டு வரும் உயரம் இழைப்புக்கு ஏற்றது. நுணுக்கமான உளிவேலைக்கு இன்னும் உயர வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுவீடனின் நேஸ் என்ற ஊரில் பள்ளி ஆசிரியர்களுக்கு மரவேலை கற்பித்த ஓட்டோ சாலமன், பிள்ளைகள் எந்தக் கருவியை எப்படி நின்று பிடிக்க வேண்டும் என்பதையே தனிப்பாடமாக வைத்திருந்தார். மேசை உடலுக்குப் பொருந்த வேண்டும் என்பதை அவர் அவ்வளவு முக்கியமாகக் கருதினார்.

இதில் எது முன்னேறிய முறை என்று கேட்பது வீண். ரோமானியத் தச்சர்கள் முழங்கால் உயரப் பலகைமேல் உட்கார்ந்து வேலை செய்தார்கள். ஜப்பானிய மரபுத் தச்சு இன்றைக்கும் பெரும்பாலும் தரையை ஒட்டியே நடக்கிறது. அதன் நேர்த்தியை உலகம் அறியும். இரண்டு முறையும் ஒரே கேள்விக்கான விடைகள். விடை எந்த நிலைமையில் பொருந்தும், எப்போது பொருந்தாமல் போகும் என்பதுதான் நாம் யோசிக்க வேண்டியது.

இதை யோசிக்கக் கொல்லிமலையே ஒரு வரலாற்றைத் தருகிறது. 1913இல் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்ற ஆங்கிலேய மிஷனரி தம்பதி இந்த மலைக்கு வந்தார்கள். ஜெஸ்ஸிக்குக் கட்டட வேலை தெரியும். சமவெளியில் தயாரான மர வீட்டின் பாகங்களைச் சுமையாட்களைக் கொண்டு மேலேற்றி வாழவந்தியில் பூட்டினார். கரையான் ஏறாமலிருக்க, வீட்டைத் தாங்கும் தூண்களின் தலையில் தகரத் தட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். மலைமக்களுக்குத் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார். 1929இல் காய்ச்சலில் இறந்து மலையிலேயே அடக்கமானார். இந்த மலையில் சிறுவயதைக் கழித்த அவர் மகன் பால் பிராண்ட், இங்கிலாந்தில் பள்ளி முடித்ததும் சில ஆண்டுகள் கட்டடத் தொழிலில் தச்சும் கொத்தும் பழகினார். பிறகுதான் மருத்துவம் படித்தார். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்து மீண்டும் இயங்கவைத்தவர் என்று உலகப் புகழ் பெற்றார்.

அவருடைய பெரிய கண்டறிதல் மரவேலைக்கு நேராகப் பொருந்துவது. தொழுநோய் விரலைத் தின்கிறது என்று எல்லோரும் நம்பிய காலம் அது. உணர்வு செத்த கை தனக்கு நேரும் காயத்தை அறியாமல் மேலும் மேலும் அடிபடுவதே அழிவுக்குக் காரணம் என்று அவர் காட்டினார். வேலூரில் அவர் தொடங்கிய நியூ லைஃப் சென்டரில், குணமான இளைஞர்கள் மர பொம்மை செய்யப் பழகினார்கள். அங்கே அவர்களுடைய கைக் காயங்களை அவர் ஒவ்வொன்றாகத் தேடிக் காரணம் கண்டார். கருவியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதே தெரியாததால் தேவைக்கு மேல் அழுத்துவார்கள். பிடியின் சொரசொரப்பு தோலைக் கிழிக்கும். அதனால் பிடிகளை அந்தக் கைகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தார்கள். வலி என்பது உடலைக் காக்கும் காவல் என்று பிராண்ட் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்ததன் வேர் இங்கே இருக்கிறது.

ஆசாரியின் பாதத்தை இந்த வெளிச்சத்தில் பாருங்கள். அது பிடிப்பதோடு உணரவும் செய்கிறது. உணர்வு இருக்கும்வரை, கருவி மெதுவாக ஓடும்வரை, அதைவிட நல்ல பிடி இல்லை. இந்த இரண்டு நிபந்தனைகளும் இப்போது தளர்ந்துவிட்டன. சர்க்கரை நோய் பல ஆண்டு நீடித்தவர்களில் பலருக்குப் பாதத்தின் உணர்வு மங்கும். காலில் பட்ட சிராய் புண்ணாகிச் சீழ் வைத்த பிறகே தெரியவரும். மற்றது இன்னும் அவசரமானது. கைரம்பம் இருந்த இடத்துக்குக் கட்டர் மெஷின் வந்துவிட்டது; அதன் பிளேடு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுழலும். பலகையைப் பாதத்தால் மிதித்துக்கொண்டு, விரல்களுக்குச் சில அங்குலம் தள்ளி அதை ஓட்டும் காட்சியைத் தமிழகமெங்கும் வீடு கட்டும் இடங்களில் பார்க்கலாம். மரம் உதறினால் பாதம் உணர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கருவி மாறியும் பிடி மாறாததுதான் இங்கே ஆபத்து. பழைய முறையின் குறையென்று இதைச் சொல்ல முடியாது. உளிக்கென்று அமைந்த பிடியை நாம் மின்கருவிக்குக் கொடுத்திருக்கிறோம்.

ஆகவே மின்கருவி ஓடும் இடத்தில் மேசை வேண்டும் என்பதே என் முடிவு. அதைச் சுவீடனிலிருந்து வரவழைக்கத் தேவையில்லை. கொல்லிமலைத் தோட்டங்களில் மிளகுக் கொடி படரவும் காப்பிக்கு நிழல் தரவும் நட்ட சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இங்கே வேரூன்றிய மரம். பிளைவுட்டுக்கும் பெட்டி அடிக்கவும் போகிற அந்த மரத்தில் மேசைக்கு வேண்டிய பலகை எடுக்கலாம். வெட்டுமுன் வருவாய்த் துறையிலும் வனத்துறையிலும் அனுமதி விதிகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அறுத்த பலகையை நிழலில் குச்சி வைத்து அடுக்கி மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும். பீச்சைவிட எடை குறைந்த மரம் என்பதால் மேற்பலகையை மூன்று, நான்கு அங்குலத் தடிமனுக்கு ஒட்டிச் சேர்ப்பது நல்லது. அப்படியும் மேசை ஆடினால் கீழ்த்தட்டில் கல் அடுக்கலாம். மலையில் கல்லுக்குப் பஞ்சமில்லை. அடிபடும் முளைகளுக்குக் கருவேலம். திருகு வாங்கப் பணம் இல்லையென்றால் ஆப்பு போதும். மேசைமேல் இரண்டு நிலையான கட்டைகளை அறைந்து, பலகைக்கும் கட்டைக்கும் நடுவே ஆப்பைத் தட்டினால் திருகு செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்துவிடும். ஏர்க்காலுக்கு ஆப்பு அடித்துப் பழகிய கைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மலையிலுள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் இதைத் தொடங்கலாம். கைத்தொழில் நேரத்தில் மாணவர்கள் முதலில் செய்யும் பொருள் அவர்கள் உயரத்துக்கான மேசையாக இருக்கட்டும். தரையில் உட்கார்வது அவமானம் என்ற எண்ணத்தால் மரவேலைப் பக்கமே வராத பிள்ளைகளும், குந்தி உட்கார முடியாத பிள்ளைகளும் அப்போது உள்ளே வருவார்கள். கற்றுத்தர ஊர் ஆசாரியையே அழைக்க வேண்டும். அவர் தரையில் உட்கார்ந்து பாதத்தால் பலகையைக் கவ்வி உளி வைப்பதைப் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டும். தாங்களும் உட்கார்ந்து செய்து பார்க்க வேண்டும். மரம் நழுவுவது எப்படி இருக்கும் என்று காலால் தெரிந்துகொண்டவர்களுக்கு, மேசையின் முளையை எங்கே வைப்பது என்பது சீக்கிரம் புரியும். கட்டர் மெஷினை அதற்கு அப்புறம் கையில் கொடுத்தால் போதும்.