அணை பேசுகிறது, கண்மாய் ஊமையோ?



வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர் 66 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. அபாயச் சங்கு முழங்குகிறது. தேனி முதல் இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டத்துக் கரையோர மக்களுக்குச் செய்தி பறக்கிறது. எண் ஒன்று, அதற்குப் பொருள் ஒன்று, அதையொட்டிய கடமை ஒன்று! மூன்றும் சேர்ந்தால்தான் அது தகவல். சேராவிடில் ஏட்டுச் சுரைக்காய்!

ஆற்றுக்கு அறிவிப்பு உண்டு. ஊருக்குள் பெய்யும் மழைக்கு? 2024 அக்டோபர் 25 பிற்பகல், கால்மணி நேரத்தில் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று மதுரையில். செல்லூர்க் கண்மாய் நிரம்பிற்று. பந்தல்குடிக் கால்வாய் பொங்கிற்று. ஏழையின் அடுப்பங்கரையில் வெள்ளம் புகுந்தது. அணைக்கு 66 அடி. செல்லூர்க் குடிமகனுக்கு எந்த அடி?

சேதி சேராவிடில் என்ன நேரும்? நமது கடற்கரையைக் கேளுங்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவு, புயலில் சைகை விளக்கு செயலிழந்தது. முன்னே கடல் ஏறியிருப்பதை அறியாமல் தனுஷ்கோடியை நோக்கிச் சென்றது பாம்பன் ரயில். நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கொன்றது புயல், புயலின் கையில் ஒப்படைத்ததோ அறியாமை!

திருநகரைப் பாருங்கள். பேரூராட்சியாக இருந்த ஊர், 2011-இல் மாநகராட்சியோடு இணைந்தது. 72 வார்டுகள் 100 ஆயின. எல்லை இணைந்தது, அறிவு இணைந்ததா? நிலையூர்க் கண்மாய்க்கும் தென்கால் கண்மாய்க்கும் நீர் வரும் வழி எது, வழியும் வழி எது, எந்த மடையை எப்போது திறப்பது என்பதெல்லாம் மடை காத்த முதியவரின் நெஞ்சில் உள்ள ஏடு. அவர் கண்மூடினால் அந்த ஏடும் மூடும். உலகனேரி, தல்லாகுளம் என்று பெயரிலேயே ஏரியையும் குளத்தையும் எழுதிவைத்தனர் முன்னோர். படிக்க மறந்தோம் நாம்!

"கட்டுப்பாட்டு அறை அமைத்து, கணிப்பொறித் திரை மாட்டினால் போதாதா?" என்பார் சிலர். வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் திரையின் முன் அமர்ந்த அதிகாரி மட்டும் அறிந்த வெள்ளம், தெருவில் இருப்பவனைக் காக்குமா?

ஆகவே கேட்கிறோம். கண்மாய்தோறும் அளவுகல் நடுங்கள். அதில் மூன்று கோடுகள் தீட்டுங்கள். எந்தக் கோட்டை நீர் தொட்டால் எந்தத் தெரு எழ வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் கதவு திறக்க வேண்டும் என்று வார்டு அலுவலகப் பலகையில் எழுதுங்கள், கைப்பேசிக்கும் அனுப்புங்கள். முதியவரின் நினைவில் உள்ள நீர்வழியை வரைபடமாக்கி, மனை வாங்குவோர் எவரும் காணத் திறந்து வையுங்கள். மறைத்து வைத்த வரைபடம், ஓடையை விற்பவனுக்கே உதவும்!

மதிலும் அகழியும் அன்று மதுரையைக் காத்தன. இன்றைய மதில், மக்கள் கையில் உள்ள தகவல்! அதைக் கட்டச் சொல்லி, அடுத்த வார்டுக் கூட்டத்தில் முதல் குரல் உங்களுடையதாகட்டும், தோழரே!